மகமை தேடி நான்கு நாள்

முதல் நாள்: பிரான்மலை

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திதி கொடுத்த மறுநாளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்: "நான் வத்தல் மூட்டையில படிச்சவன்டா." விருதுநகரில் ஒரு மகமைப் பள்ளியில், அதாவது நாடார் வியாபாரிகள் தங்கள் சரக்கின் மேல் எடுத்துவைத்த பொதுப் பணத்தில் நடந்த பள்ளியில், காசு கட்டாமல் படித்தவர் அவர். தாத்தா மாட்டுவண்டி ஓட்டியவர். பள்ளியை நடத்தியவர்களுக்கும் எங்களுக்கும் சாதியால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் அந்த ஊரில் கைமாறிய மிளகாய் வத்தல் மூட்டைகளிலிருந்து ஒரு துளி என் அப்பாவின் சிலேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்று அவர் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் இப்போது ஊர் ஊராகப் போய்க் கேட்கப் போகிறேன். ராத்திரிதோறும் அன்றன்றைக்குப் பார்த்ததை எழுதுகிறேன்.

விருதுநகருக்குப் போகவேண்டியவன் முதலில் பிரான்மலைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கல்வெட்டு. சிங்கம்புணரியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை வெகு தூரத்திலேயே தெரிய ஆரம்பித்துவிடுகிறது. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர், சம்பந்தர் பாடிய தலம். கோயில் மூன்று அடுக்கு. கீழே பாதாளம், நடுவில் பூமி, மேலே கைலாயம் என்று சொல்கிறார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் மூன்றையும் பார்த்துவிட்டேன்.

கல்வெட்டு சொல்வது இதுதான்: 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலுக்காக ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பல ஊர் வியாபாரிகளோடு கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். தாங்கள் வாங்கி விற்கும் சரக்கு ஒவ்வொன்றிலும், பொதிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, தலைச்சுமைக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு எடுத்துவைப்பது என்பதுதான் அது. பட்டணப்பகுடி என்று அதற்குப் பெயர். அச்சில் படித்த பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். உப்பு, நெல், பயறு, பாக்கு, மிளகு, இரும்பு, பஞ்சு, நூல், மெழுகு, தேன், சந்தனம், அகில். பிரகாரத்தில் உட்கார்ந்து அதை வாய்விட்டு வாசித்தபோது ஒரு மளிகைக் கடையின் வாசனையே வந்துவிட்டது. ராஜா விதித்த வரி கிடையாது இது. வியாபாரிகள் தாங்களே கூடி, தங்கள் சரக்கின் மேல் தாங்களே போட்டுக்கொண்டது.

பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். முல்லைக்குத் தேரையே விட்டுவிட்டு நடந்து வந்தவன் பாரி. அந்தக் கொடையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறோம். அதே மலையடிவாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்தவர்களைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அந்தத் தேரை விட இந்தப் பொதிதான் பெரிதாகத் தெரிகிறது. தேர் ஒரு தடவைதான் போனது. பொதிகள் வந்துகொண்டே இருந்தன.

இரவு மதுரையில் தங்கல்.

இரண்டாம் நாள்: விருதுநகர்

விடிவதற்குள் பஸ் ஏறி, டீக்கடைகளில் இரண்டாவது பாய்லர் கொதிக்கும் நேரத்துக்கு விருதுநகர் வந்துவிட்டேன். ஊருக்கு நடுவே தெப்பக்குளம், பக்கத்தில் கடைவீதி, மாரியம்மன் கோயில். வத்தல் நெடி மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட்டேன். அப்பா சொன்ன ஊருக்கு வந்துவிட்டோம் என்று அப்போதுதான் மனதுக்குப் பட்டது.

அப்பாவோடு படித்தவர் ஒருவர் இங்கே கமிஷன் கடை வைத்திருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. பெயர் வேண்டாம் என்றார், அதனால் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். கடைக்குள் நுழைந்ததும், "வாங்க தம்பி, உக்காருங்க. அப்பா மூக்கு அப்படியே இருக்கு" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

பையன் ஒருவன் குத்தூசியை மூட்டையில் சொருகி மல்லியை உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினான். அண்ணாச்சி இரண்டு மணியை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு விலை சொன்னார். எடை போட்டார்கள். பில் எழுதினார்கள். பில்லை என் பக்கம் திருப்பி, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். சரக்கு விலை, சாக்கு, கூலி எல்லாவற்றுக்கும் கீழே சின்னதாக ஒரு வரி: மகமை. தொகை மிகச் சின்னது. அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் அதைப் பெருமையாகவும் பேசவில்லை. வாங்கியவர் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"இதுதான் தம்பி. இந்த ஒரு வரிதான் பள்ளிக்கூடம், காலேஜ், கோயில் எல்லாம்."

அண்ணாச்சி மதியம் வரை சொன்னதையும் நான் படித்து வைத்திருந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். 1801இல் பாளையக்காரர்கள் வீழ்ந்த பிறகு, தெற்கே திருநெல்வேலிப் பனங்காட்டிலிருந்து நாடார் வியாபாரிகள் கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வடக்கே வர ஆரம்பித்தார்கள். வழியெல்லாம் திருட்டு பயம். அதனால் தங்கும் இடங்களில் மதில் கட்டிப் பேட்டை அமைத்தார்கள். வண்டி நிறுத்த இடம், மாட்டுக்குத் தண்ணீர், கிணறு, காவலுக்கு ஆள். இதற்கெல்லாம் செலவு யார் செய்வது? பேட்டைக்குள் வரும் சரக்கின் மேல் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். மகமை அப்படித் தொடங்கியது. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் இந்தப் பேட்டைகள் வேர் பிடித்தன. விருதுபட்டிதான் 1923இல் விருதுநகர் ஆனது.

பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதற்கு உறவின்முறை. ஊரில் உள்ள குடும்பத் தலைவர்கள் எல்லோரும் கூடிய சபை அது. முறைகாரர்கள் என்று பொறுப்பாளிகள் இருந்து வசூலித்துக் கணக்கு வைப்பார்கள். கிணறும் காவலும் முடிந்து மீந்த பணம் கோயிலுக்குப் போனது. அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த கட்டம், 1880களில் அது பள்ளிக்கூடமாக மாறியது. சத்திரிய வித்தியாசாலை. பேரில் சாதிப் பெருமை இருக்கிறது, மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கதவு எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது, படிப்பு இலவசம். இந்த இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மகமை கொடுப்பது யார்? விற்கிறவரா, வாங்குகிறவரா? பில்லில் வாங்குகிறவர் தலையில்தானே ஏறுகிறது? கேட்டேவிட்டேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. "நம்ம கையில வருது, நம்மது இல்ல. கல்லாப்பெட்டியில தனியா வச்ச கண்ணாடி டப்பா மாதிரி" என்றார். இதே கேள்வி கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. வடக்கே வியாபாரிகள் பில்லில் தர்மாதா என்று ஒரு வரி போடுவார்கள், நம் மகமை மாதிரியேதான். ஹாத்ரஸ் ஊர்ப் பஞ்சாலை ஒன்று அப்படி வசூலித்த பணத்துக்கு வருமான வரி உண்டா என்ற வழக்கில், 1979இல் உச்ச நீதிமன்றம் அது வியாபாரியின் வருமானம் கிடையாது என்று தீர்த்துச் சொன்னது. தர்மத்துக்கு என்று சொல்லி வாங்கிய பணம் வாங்கும்போதே தர்மத்துக்குப் போய்விட்டது என்பதுதான் அதன் சாரம். அண்ணாச்சிக்கு அந்தத் தீர்ப்பு தெரியாது. கண்ணாடி டப்பா தெரியும்.

பழைய சிட்டை ஒன்று எடுத்துக் காட்டினார். அவர் அப்பா காலத்தது. நீள நோட்டு, மஞ்சள் துணி அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, லாபம் என்று எழுதி மஞ்சள் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு நாள் கணக்கின் அடியிலும் மகமைக்கு ஒரு பத்தி. சரக்கே வராத நாளில் அந்த இடத்தில் ஒரு கோடு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்தக் கோடுகளைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுக்க எதுவும் இல்லாத நாளிலும் அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். நன்கொடை கேட்டு நானே தெருத்தெருவாக அலைந்திருக்கிறேன், எங்கள் தெரு நூலகத்துக்காக. ஒவ்வொரு வருஷமும் அதே வாசல்களில் நிற்கவேண்டும், கொடுப்பவரின் அன்றைய மனநிலைக்குக் காத்திருக்கவேண்டும். நான்காம் வருஷம் எங்களால் முடியவில்லை, மூடிவிட்டோம். பில்லில் இருக்கும் இந்த ஒரு வரிக்கு யாருடைய மனநிலையும் தேவையில்லை. வியாபாரம் நடந்தால் தர்மமும் நடக்கிறது. லாபத்தில் கழிக்கிற விஷயமாக இருந்தால் "இந்த வருஷம் லாபமில்லை" என்று சொல்லிவிடலாம். விற்பனையில் கழிப்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சாயந்திரம் எண்ணெய்ப் பரோட்டா. இந்த ஊருக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போகக்கூடாது.

மூன்றாம் நாள்: அருப்புக்கோட்டை, சிவகாசி

அருப்புக்கோட்டையில் ஒரு மணி நேரம்தான். தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் வழியே நடந்தேன். இங்கே தேவாங்கர்கள், சாலியர்கள், நாடார்கள் என்று ஒவ்வொரு சமூகத்தாரும் தங்கள் கைக்காசில் பள்ளி, கல்லூரி நடத்துகிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டிய ஊர் மாதிரி இருக்கிறது. இன்னொரு முறை வந்து நிதானமாகப் பார்க்கவேண்டும்.

சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில் மனம் கனத்துக்கொண்டே வந்தது. மகமையின் கதையைப் பள்ளிக்கூடத்தோடு முடித்துக்கொண்டால் பாதிக் கதைதான். காசு சேர்ந்த நாடார்களுக்கும் சாதியின் பேரால் கோயில் வாசல் திறக்கவில்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து பூசை செய்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கேயும் நாடார்கள் தோற்றார்கள். இதற்கு நடுவில், 1899 ஜூன் 6ஆம் தேதி, சிவகாசியைப் பெரும் கூட்டம் சூழ்ந்து தாக்கியது. இந்த ஊரில் அதைச் சிவகாசிக் கொள்ளை என்றுதான் சொல்கிறார்கள்.

பத்திரகாளியம்மன் கோயில் வாசலில் நின்றேன். உச்சி வெயிலில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவே கண் கூசியது. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "இந்தக் கோயில் யாரு பாக்குறாங்கம்மா?" என்று கேட்டேன். "உறவின்முறைதான்ப்பா, எங்க காசுதான்" என்று நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். வாசல் அடைக்கப்பட்டவர்கள் தங்கள் காசில் தங்கள் கோயிலை வளர்த்துக்கொண்டார்கள்.

கமுதித் தீர்ப்பு வந்து இரண்டு வருஷத்தில், 1910இல், தஞ்சை மாவட்டம் பொறையாரில் ரத்தினசாமி நாடார் முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. அதுவரை ஊருக்கு ஒன்றாக இருந்த சபைகளுக்கு மேலே ஒரு பெரிய குடை. பிறகு மதுரை அதன் தலைமையிடம் ஆனது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. 1962இல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று மாறியது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வந்ததும் இதே காலத்தில்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். கல்லூரிகள் எல்லாம் அப்புறம்.

இந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர்களில் எனக்கு நெருக்கமானவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். பெரியாரோடு நின்றவர். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்றமாட்டோம் என்ற பஸ் முதலாளிகளை விடாமல் ஏற்ற வைத்தார். சென்னையில் பாண்டி பஜாரில் துணி எடுக்கும் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இவருடையது என்று தெரியும்? தனக்கு மூடிய கதவை உடைத்தவர், அடுத்தவருக்கும் திறந்துவிட்டுப் போனார். 1939இல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்தபோது அந்தச் சின்னக் கூட்டத்தில் விருதுநகர் சண்முக நாடார் ஒருவரும் இருந்தார்.

எல்லாம் நல்லதாக மட்டும் இருந்ததா? இல்லை. உறவின்முறை சொன்னதைக் கேட்காதவர்களுக்கு அபராதம், அதையும் கேட்காவிட்டால் ஊர்விலக்கு. வண்ணாரும் நாவிதரும் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. குடும்பத் தலைவர்கள் என்றால் ஆண்கள்தான், பெண்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை. மகமை முறையாக வசூலானதற்கு அன்பு பாதிக் காரணம் என்றால் இந்தப் பயம் மீதிப் பாதி. அப்பாவின் படிப்புக்கு நன்றி சொல்ல வந்தவன் இதை எழுதாமல் விட்டால் அந்த நன்றிக்கு மரியாதை இல்லை.

விருதுநகருக்கே திரும்பிவிட்டேன். லாட்ஜ் அறையில் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது. தூக்கம் வரவில்லை.

நான்காம் நாள்: விருதுநகர்

காலையில் காமராஜர் பிறந்த வீடு. இப்போது அது நினைவு இல்லம். சின்ன வீடு. 1903இல் இங்கே பிறந்தவர், அப்பா இறந்தபின் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவர் படித்ததும் சத்திரிய வித்தியாசாலையில்தான். புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன் வாசலுக்கு வந்து திண்ணைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்தப் பள்ளி நடந்தது மகமையில் மட்டும் இல்லை. பிடி அரிசியும் இருந்தது. தினமும் உலை வைக்க அரிசி அளக்கும்போது, ஒரு பிடி எடுத்து தனிக் கலயத்தில் போட்டுவிடவேண்டும். பிறகு வீடுவீடாக வந்து அதைச் சேகரித்துக்கொண்டு போவார்கள். அந்த அரிசியைக் காசாக்கிப் பள்ளிக்கூடச் செலவு.

அண்ணாச்சி வீட்டில் மதியச் சாப்பாடு. அவருடைய அக்காவுக்கு வயது எண்பத்தைந்துக்கு மேல். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை. பிடி அரிசி பற்றிக் கேட்டதும், "எங்க அம்மா போடும்போது பாத்திருக்கேன்யா" என்றார். பேத்தியிடம் ஒரு சொளகில் அரிசி கொண்டுவரச் சொல்லி, எப்படி என்று செய்து காட்டினார். முதலில் படியால் வீட்டுக்கு அளந்தார். அந்த அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி ஒதுக்கினார். மூட்டையிலிருந்து எடுக்கவில்லை. "மூடையில எடுத்தா அது நம்ம குடுக்கிறதாய்யா? சோத்துல இருந்து எடுக்கணும்." அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் நின்ற நாலு அரிசியையும் உதறி அந்தக் குவியலில் சேர்த்தார்.

நேற்று சபையில் பெண்களுக்கு இடமில்லை என்று எழுதினேன். இன்று இந்தப் பிடியைப் பார்த்த பிறகு, சிட்டையில் ஏறாத கணக்கு ஒன்று அடுப்படியில் இருந்திருக்கிறது என்பதையும் எழுதவேண்டும்.

1956இல் முதலமைச்சர் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தபோது, அரசுப் பணம் மட்டும் போதாது, ஊரும் தன் பங்கைக் கொடுக்கவேண்டும் என்று வைத்தார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, நாற்காலி, சிலேட்டு, நிலம் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிடி அரிசிப் பள்ளியில் படித்த பையனுக்கு, ஊரிடம் கேட்டால் ஊர் கொடுக்கும் என்று தெரிந்திருந்தது. இதற்கு நான் எந்த ஆவணமும் காட்ட முடியாது. அந்த வீட்டுத் திண்ணைப் பக்கம் நின்றபோது எனக்கு அப்படித்தான் பட்டது, இன்னமும் அப்படித்தான் நம்புகிறேன்.

சாயந்திரம் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் மறுபடி கடைக்குப் போனேன். ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்து, மேலே அப்பா பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தேன். "அண்ணாச்சி, இதை மகமையில சேத்திருங்க. அப்பா படிச்சதுக்கு."

கவரை வாங்கவில்லை. வாசித்தார், பெயரை மட்டும் விரலால் தடவினார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தனியா கைநீட்டி வாங்குனா அது நன்கொடை தம்பி. பேரு எழுதணும், ரசீது போடணும், கல்லுல பதிக்கணும். அதுக்கு வேற இடம் இருக்கு, வேணும்னா கூட்டிட்டுப் போறேன். மகமைன்னா நீங்க ஏதாச்சும் வாங்குங்க. பில்லுல வந்துரும்."

சரி என்று ஒரு சிப்பம் மல்லி கேட்டேன். பையன் குத்தூசி போட்டு உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான். நானும் இரண்டு மணியை நசுக்கி முகர்ந்தேன். பில் எழுதும்போது அண்ணாச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரியைத் தானே எழுதினார். கூட்டிப் பார்த்தேன், மகமை மூன்று ரூபாய் சொச்சம். காசு கொடுத்துவிட்டு, சிப்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.